யார் போட்ட மெட்டு

ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் என் கணவர் கடைசல் இயந்திரத்தில் டர்னராக இருந்தார். திருமணமாகி மதுரைப் பக்கத்திலிருந்து குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது நான் கொண்டுவந்த சாமான்களில் ஒரு பழைய ஆர்மோனியமும் இருந்தது. அப்பா நாடகங்களுக்கு வாசித்தது. அவர் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. அவர் ஊரில் இல்லாத நாட்களில் நானே கட்டைகளை அழுத்திப் பார்த்துப் பழகிக்கொண்டேன். ஆவடிக்கு வந்தபிறகு ஆறேழு வருடம் அது கட்டிலுக்கடியில் கிடந்தது.

தொழிற்சாலை மன்றத்தில் வருடத்துக்கு ஒரு நாடகம் போடுவார்கள். ஒரு வருடம் பாட்டுக்கு இசையமைக்க வேண்டியவருக்கு அம்மை போட்டுவிட்டது. அந்த நாடகத்தில் இன்ஸ்பெக்டர் வேடம் கட்டியிருந்த என் கணவர், "எங்க வீட்டுல வாசிப்பாளே" என்று ஒத்திகையில் சொல்லிவிட்டு வந்தார். முதன்முதலில் என்னைப் பற்றி வெளியே சொன்னவர் அவர்தான். இதை அவருக்காகச் சொல்லியே ஆகவேண்டும்.

பன்னிரண்டு நாளில் நாலு பாட்டுக்கு மெட்டுப் போட்டேன். பக்கத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து நானே வாசித்தேன். நாடகம் பார்க்க வந்திருந்தவர்களில் ஒருவர் சினிமாவில் உதவி இயக்குநர். அவருடைய அக்கா எங்கள் வரிசையிலேயே குடியிருந்தார். மறுநாள் காலையில் அந்த உதவி இயக்குநர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, பாட்டுகளுக்கு மெட்டுப் போட்டது யார் என்று கேட்டார். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கணவர் என்னைக் கைகாட்டினார். வந்தவர் நம்பாமல் உள்ளே எட்டிப் பார்த்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இப்படித்தான் கோடம்பாக்கத்துக்கு ரயிலேறிப் போனேன். அறுபதுகளின் பிற்பகுதி அது. சின்னத் தயாரிப்பாளர், புதுமுகங்கள் நடித்த படம், ஐந்து பாட்டு. தயாரிப்பாளர் என்னிடம் பேசும்போதெல்லாம் என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்ப்பார். ஆண் துணை இல்லாமல் ஒரு பெண் மெட்டோடு வந்து நிற்பது அவருக்குப் பழகவில்லை.

எனக்கு நொட்டேஷன், அதாவது சுரக் குறிப்பு, எழுதத் தெரியாது. மெட்டு மண்டையில் இருக்கும், ஆர்மோனியத்தில் வரும், தத்தகாரமாகப் பாடிக் காட்டுவேன். அதை ஒவ்வொரு வாத்தியத்துக்கும் பிரித்து எழுத ஒருவர் வேண்டும். பூந்தமல்லியில் ஒருவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். கல்யாண பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதிக்கொண்டிருந்து, பிறகு வயலின் பழகி, நொட்டேஷன் எழுதுவதிலும் வாத்தியக்காரர்களை நடத்துவதிலும் பேர் வாங்கியவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். நான் அவரை அண்ணே என்பேன். பாடிக் காட்டினால் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே போவார். ஓர் இடம் பிடிபடவில்லை என்றால் மட்டும், "இன்னொரு தபா பாடும்மா, அந்த வளைவு மாட்ட மாட்டேங்குது" என்பார். வளைவு மாட்டும்வரை விடமாட்டார்.

ஒலிப்பதிவில் இருபது வாத்தியக்காரர்களும் அவரைப் பார்த்துத்தான் வாசிப்பார்கள். பல்லவி நீளமாக இல்லையா என்று தயாரிப்பாளர் அவரைத்தான் கேட்பார். அவர் பென்சிலால் என் பக்கம் காட்டி, அம்மாவைக் கேளுங்கள் என்பார். முதல் படம் முடிகிறவரை எனக்கு இதில் எந்தக் குறையும் தெரியவில்லை.

படம் ஓடவில்லை. ஆனால் ஒரு தாலாட்டு மட்டும் கொஞ்ச நாள் வானொலியில் கேட்டது. அதனால் இரண்டாவது படம் வந்தது. அந்தப் படத்தில் புல்லாங்குழல் வாசித்தவர் வேப்பம்பட்டுக்காரர். ஆவடியைத் தாண்டிப் போகிறவர் என்பதால் சில நாள் ஒரே ரயிலில் திரும்புவோம். ஒருநாள் அம்பத்தூர் தாண்டியதும் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க. இந்த மெட்டெல்லாம் நெசமாவே நீங்க போடறதுதானா? பின்னாடி ஒரு ஆம்பள இருக்காரு, அவர்தான் போடறாருன்னு பேசிக்கிறாங்க."

யார் பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டேன். "நாலு பேரு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எந்த நாலு பேர், எங்கே பேசினார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் பின்னால் இருக்கிற ஆண் என்றால் அது பூந்தமல்லி அண்ணன்தான் என்று அந்த நிமிடமே எனக்குத் தீர்மானமாகிவிட்டது.

அதன்பிறகு அவர் செய்ததெல்லாம் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. நான் ஒத்திகைக்குள் நுழைந்தால் அவர் பேச்சை நிறுத்துவதாகத் தோன்றியது. என் பாட்டு வரிகளும், நான் பாடப்பாட அவர் குறித்துக்கொண்ட மெட்டுகளும் இருந்த என் நோட்டை அவர் வீட்டில்தான் வைத்திருந்தார், எழுதுவதற்கு வசதியாக இருக்கும் என்று. ஏன் இரண்டு வருடமாகத் திருப்பித் தரவில்லை? தயாரிப்பாளர் அவர் தோளில் கைபோட்டுப் பேசினாரே, எதற்கு? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதையே அடுக்கிக்கொண்டு வருவேன்.

கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "ஊர் ஆயிரம் பேசும், விட்டுத் தள்ளு" என்று சொல்லிவிட்டு, பாதிச் சாப்பாட்டில் கைகழுவிக்கொண்டு சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார். எனக்காக அவருக்கு அவ்வளவு கோபம் என்று எடுத்துக்கொண்டேன்.

அண்ணனைச் சோதிக்க ஆரம்பித்தேன். பாதி மெட்டை மட்டும் கொடுத்து, மீதியை ஒலிப்பதிவுக்கு முந்தின நாள் கொடுப்பேன். ஒருமுறை எல்லோரும் வாத்தியங்களைச் சுருதி சேர்த்து உட்கார்ந்தபிறகு சரணத்தையே மாற்றினேன். மெட்டு யாருடையது என்று இருபது பேரும் பார்க்கட்டும் என்று. அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, எட்டு வயலினுக்கும் புதிதாக எழுதிக் கொடுத்தார். பாட்டு நன்றாக வந்தது. பாராட்டு அவருக்குத்தான் போனது. எனக்கு இன்னும் எரிந்தது.

மூன்றாவது படத்துக்கு மெட்டுகளைப் பாடிக் கொடுத்து முடித்த வாரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் பஸ்ஸேறிப் பூந்தமல்லிக்குப் போனேன். கையும் களவுமாகப் பிடிக்கப் போவது போன்ற ஒரு வேகம். கூடத்தில் லுங்கியோடு உட்கார்ந்து என் நோட்டைப் பிரித்து வைத்து எழுதிக்கொண்டிருந்தார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்தார். நான் வாங்கவில்லை. நோட்டைக் கேட்டேன்.

"வேல முடியலியேம்மா. ரெண்டு பாட்டு பாக்கி கீது" என்றார்.

மெட்டெல்லாம் அவருடையது என்று ஊரில் பேச்சிருப்பதையும், அந்தப் பேச்சு யார் வாயிலிருந்து வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"நான் எதுக்கும்மா ஒம் பாட்ட எம் பாட்டுன்னு சொல்லிகினு திரியணும்? எனக்கு மெட்டு போட வராது. வந்துச்சின்னா, இத்தினி வருசமா அடுத்தவங்க பாட்ட ஏன் எழுதிகினு கீறேன்?"

அது நடிப்பு என்றே நினைத்தேன். குனிந்து அவர் முன்னாலிருந்த நோட்டை இழுத்துக்கொண்டேன். அதன்மேல் அவர் கழற்றி வைத்திருந்த மூக்குக்கண்ணாடி தரையில் விழுந்தது. அவர் எடுக்கவில்லை. அவர் மனைவி தண்ணீர்ச் செம்போடு அங்கேயே நின்றார். நான் வெளியே வந்துவிட்டேன்.

மூன்றாவது படத்துக்கு வேறு ஒருவர் எழுதினார். அவருக்கு என் வளைவுகள் மாட்டவே இல்லை. மாட்டாத இடங்களிலெல்லாம் டிரம்பெட்டைப் போட்டு நிரப்பினார். இரண்டு பாட்டு பதிவானதும் தயாரிப்பாளர் வேறு இசையமைப்பாளரிடம் போய்விட்டார். அதற்கப்புறம் நாலைந்து வருடம் எனக்கு சினிமா இல்லை. அம்பத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்து ஆண்டுவிழாவுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தேன். தன்னால்தான் எனக்குப் படங்கள் வந்தன என்று பூந்தமல்லி அண்ணன் நிரூபித்துவிட்டதாக எனக்குள் ஒரு கசப்பு இருந்துகொண்டே இருந்தது.

எழுபதுகளின் நடுவில் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது. அந்தத் தாலாட்டை நினைவில் வைத்திருந்த ஒரு தயாரிப்பு அதிகாரி கடிதம் போட்டார். மகளிர் நிகழ்ச்சியில் அரைமணி நேர நாடகம், அதற்குப் பின்னணி இசை. வீணை, குழல், தபேலா, ஒரு வயலின், இவ்வளவுதான். நாலு பேருக்கு நொட்டேஷன் வேண்டாம், பாடிக் காட்டினாலே போதும். எனக்கு அது தோதாக இருந்தது. சினிமாவில் பாட்டு முடிந்தால் வேலை முடிந்தது. இங்கே ஒருத்தி கதவைத் திறப்பதற்கும் மூடுவதற்கும் இடையில் என்ன ஒலிக்கவேண்டும் என்று யோசிக்க வேண்டும். அந்த யோசனை எனக்குப் பிடித்துப்போனது.

நாடகம் ஒளிபரப்பான மாலை, தொழிற்சாலை மன்றத்துக் கூடத்தில் எங்கள் குவார்ட்டர்ஸே உட்கார்ந்திருந்தது. அங்கேதான் ஒரே ஒரு டி.வி. பெட்டி. கடைசியில் என் பெயர் வந்தது. கைதட்டினார்கள். கூட்டம் கலையும்போது, கணவரோடு ஒரே பிரிவில் வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர் என்னிடம் வந்தார். நல்ல மனிதர்.

"மதினி, அண்ணன் போட்ட மியூசிக் பிரமாதம். அந்த வீணை வாற எடம் கண்ணுல தண்ணி வந்துட்டு. எப்பவும் போல ஒங்க பேரப் போட்டுட்டாவ, பாத்தேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. எந்த அண்ணன் என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, பயப்படவேண்டாம், சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கிறவர் வெளிவேலை செய்யக்கூடாது என்பதால்தான் அண்ணன் உங்கள் பெயரில் செய்கிறார் என்று பட்டறையில் எல்லோருக்கும் தெரியும், யாரும் மேலே சொல்லமாட்டோம் என்றார். பத்தடி தள்ளி நின்றிருந்த என் கணவர் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்தோம். கதவைச் சாத்தியபிறகு, எப்போதிலிருந்து என்று மட்டும் கேட்டேன்.

"ரெண்டாவது படத்துலருந்து" என்றார். செருப்பு வாரை அவிழ்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். கேன்டீனில் கிண்டல் செய்திருக்கிறார்கள். பெண்டாட்டி சினிமாவுக்குப் போகிறாள், நீ சோறு வடிக்கிறாயா என்று. ஒருநாள் யாரோ ஒருவன், அவள் எங்கே போடுகிறாள், இவன்தான் போட்டு அவள் பெயரில் அனுப்புகிறான் என்றிருக்கிறான். கிண்டல் அன்றோடு நின்றுவிட்டது.

"நான் சொல்லல. அவய்ங்களே சொன்னாய்ங்க. நான் இல்லேன்னு சொல்லல, அவ்வளவுதான்."

ஆனால் அவ்வளவு மட்டும் இல்லை. கேட்கக் கேட்க வந்தது. நான் வீட்டில் மாதக்கணக்கில் பாடிப் பாடிப் பார்க்கும் மெட்டுகள் அவருக்கு மனப்பாடம். படம் வெளிவருவதற்கு முன்பே அவற்றைக் கேன்டீனில் முணுமுணுத்துக் காட்டியிருக்கிறார். வேறு என்ன சாட்சி வேண்டும் அவர்களுக்கு? அந்த ஆட்களில் பாதிப்பேர் திருநின்றவூர், வேப்பம்பட்டு என்று ரயிலில் போகிறவர்கள். குழல்காரர் சொன்ன நாலு பேர் அவர்கள்தான்.

"பூந்தமல்லி அண்ணன்தான் இப்படிச் சொல்றார்னு ஒங்ககிட்டதானே வந்து சொன்னேன்?" என்றேன். பொய்யைக்கூட என்னால் விழுங்கியிருக்க முடியும். அன்றைக்குப் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனாரே, அதை முடியவில்லை.

மாதம் ஒன்றுகூட ஆகியிருக்காது. தொழிற்சாலைக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. இன்ன டோக்கன் நம்பர் ஊழியர் அனுமதியில்லாமல் மனைவி பெயரில் சினிமா, தொலைக்காட்சி வேலை செய்கிறார் என்று. அவருக்கு மெமோ வந்தது. முகம் வெளுத்துப்போய் வந்து காகிதத்தை என்னிடம் நீட்டினார். உண்மையைச் சொல்லியும் விசாரணை அதிகாரி நம்பவில்லையாம். மனைவியை நேரில் வந்து நிரூபிக்கச் சொல்லியிருக்கிறார்.

"நீ வந்து சொன்னாத்தான் வேல நிலைக்கும்" என்றார். பிறகு, "அந்தக் கடுதாசிய நீ எழுதலயே?" என்றார்.

"எழுதியிருந்தா பேர் போட்டுத்தான் எழுதியிருப்பேன்" என்றேன்.

இரண்டு நாளாக, நான் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளும் அவர் தூங்கவில்லை என்று தெரியும். தெரிந்தேதான் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் காலையில் ஆர்மோனியத்தை எடுத்துத் துடைத்தேன்.

அவரே அதை சைக்கிள் கேரியரில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தார். கேட்டில் காவலர்கள் நிறுத்தினார்கள். துருத்தியைப் பிரித்து, உள்ளே கையை விட்டு, கட்டைகளைத் தட்டிப் பார்த்து, வெடிகுண்டு எதுவும் இல்லை என்று தெரிந்தபிறகுதான் விட்டார்கள்.

அதிகாரி வடக்கேயிருந்து வந்தவர். தமிழ் அரைகுறை. பக்கத்தில் கள்ளிக்குப்பத்துக்காரரான ஒரு கிளார்க் மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்தார். தாலாட்டைப் பாடிக் காட்டினேன். அதிகாரி தலையை ஆட்டினார், ஆனால் இது கணவர் சொல்லிக் கொடுத்து மனப்பாடம் செய்ததாக இருக்கலாம் என்றார். இங்கேயே புதிதாக ஒன்று போடச் சொன்னார். வரிகள் வேண்டுமே என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சுவரிலிருந்த பலகையைக் காட்டினார்.

'தீப்பிடித்தால் ஓடாதே. மணியை அடி. வெளியே வந்து வரிசையில் நில்.'

கிளார்க்குக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. கொஞ்ச நேரம் வரிகளை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். 'ஓடாதே' என்ற சொல் இழுத்தால் இழுபடும், 'அடி' வெட்டி நிற்கும். மோகன ராகத்தில் ஆரம்பித்தேன். முடிந்ததும் அதிகாரி கிளார்க்கிடம் ஏதோ சொன்னார்.

"சாரு இன்னா சொல்றார்னா, இதையே சோகமா பாட முடியுமான்னு கேக்கறாரு" என்றார் கிளார்க்.

சுபபந்துவராளியில் பாடினேன். தீப்பிடித்து எல்லாம் போய்விட்ட ஒருத்தி வரிசையில் நிற்பதுபோல் அது வந்தது. வாசலில் இரண்டு பியூன்கள் வந்து நின்றார்கள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். பிறகு என் கணவரைப் பார்த்து, நீ வாசி என்றார்.

அவர் ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்தார். வலது கையைக் கட்டைகள் மேல் வைத்து அழுத்தினார். சத்தம் வரவில்லை. இன்னும் பலமாக அழுத்தினார். இடது கையால் துருத்தியைப் போடவேண்டும் என்பதுகூட அந்தப் பதற்றத்தில் அவருக்குத் தோன்றவில்லை. இத்தனை வருடம் நான் வாசிப்பதைப் பார்த்தவர். கிளார்க் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த ஒரு காட்சிக்காகத்தான் இரண்டு நாள் அவரைத் தவிக்க விட்டேன் என்று நினைத்திருந்தேன். பார்த்தபோது, நானே எட்டித் துருத்தியைப் போட்டுவிடலாமா என்றிருந்தது.

கிளார்க் வாக்குமூலம் எழுதினார். இசையமைப்பது முழுக்க முழுக்க என் மனைவியே, எனக்கு இசை தெரியாது என்று. கணவர் கையெழுத்துப் போட்டார். அதற்கு ஒரு நகல் கிடைக்குமா என்று கேட்டேன்.

"அது ஆபீஸ் பேப்பரும்மா, வெளிய குடுக்க மாட்டாங்க. நீ இன்னாத்துக்கு அத வச்சிகினு?" என்றார் கிளார்க்.

வேலை தப்பியது. ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். கடிதம் எழுதியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அந்தத் திருநெல்வேலிக்காரர் மேல் எனக்குக் கொஞ்ச நாள் சந்தேகம் இருந்தது. அவர் எதிரே வந்தால் நன்றாகத்தான் சிரிப்பேன், ஆனால் கைகளைப் பார்ப்பேன், மைக்கறை இருக்கிறதா என்று. பிறகு வெட்கமாகிவிட்டது.

பூந்தமல்லிக்குப் போக எனக்கு இன்னும் ஒரு மாதம் ஆனது. அண்ணனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. உட்காரச் சொன்னார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்தார். இந்த முறை வாங்கிக் குடித்தேன். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். என் கணவர் செய்ததையும் மறைக்கவில்லை. அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நீ சந்தேகப்பட்டது பெருசில்லம்மா. சினிமாவுல அது சகஜம். ஆனா அதுக்கப்பறம் யார் பாட்டு எழுதனாலும், இவங்களும் ஒருநாள் வந்து கேப்பாங்களோன்னு எனக்கு ஒரு திகிலு. அது இன்னும் போவல."

தொலைக்காட்சிக்குப் பெரிய நாடகத் தொடர் ஒன்று பேசிக்கொண்டிருக்கிறார்கள், பன்னிரண்டு வாத்தியம், நீங்கள் எழுதினால்தான் நான் ஒத்துக்கொள்வேன் என்றேன். இரண்டு வாரம் கழித்து ஒரு கார்டு போட்டார், சம்மதம் என்று. ஒரு நிபந்தனையோடு. அவர் எழுதும் ஒவ்வொரு தாளிலும், 'மெட்டு என்னுடையது, நொட்டேஷன் மட்டும் இவருடையது' என்று நான் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும்.

அந்தத் தொடருக்கும் அதற்குப் பின் வந்தவற்றுக்கும் அப்படியே செய்தோம். ஒத்திகை முடிந்ததும் தாள்களை அடுக்கி என் முன்னால் வைப்பார். நான் ஒவ்வொன்றாகப் போட்டுக் கொடுப்பேன். ஒன்று விட்டுப்போனாலும் எடுத்துக் காட்டுவார். வேலையில் முன்னைவிடச் சுத்தம். முன்போல் சிரித்துப் பேசிக்கொண்டதுதான் இல்லை.

வீட்டிலும் ஒரு பழக்கம் மாறியது. கணவர் ஷிஃப்டுக்குப் போனபிறகுதான் புது மெட்டைப் பாடிப் பார்ப்பேன். அவர் இருக்கும்போது வந்தால் வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வேன். அவருக்கும் அது தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு, வெள்ளானூரில் ஒருவரைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிச் சைக்கிளை எடுத்தார். அங்கே அவருக்கு யாரையும் தெரியாது. மத்தியானம்தான் திரும்பினார். அதற்குள் நான் பல்லவியை முடித்திருந்தேன்.